அப்பாவின் முகத்தை ஆப் ஏற்கவில்லை என்றால்

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிஎஃப் பென்ஷன் வருகிறது. உயிர்வாழ் சான்றை போனிலேயே கொடுத்துவிடலாம் என்று ஆப் இறக்கினோம். முகம் காட்ட வேண்டிய இடத்தில் திரை கறுப்பாகவே நின்றது. மறுநாள் முகம் தெரிந்தது, ஆனால் பொருந்தவில்லை என்று வருகிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் கேட்டால், கேமரா போய்விட்டது, மாற்ற 1,800 ரூபாய் ஆகும் என்கிறார்கள். நவம்பர் தாண்டினால் பென்ஷன் நின்றுவிடும், 300 ரூபாய் கொடுத்து போனை விட்டுவிட்டுப் போங்கள், சான்றையும் நாங்களே போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: போனை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சாதாரண கேமராவைத் திறந்து, செல்ஃபி பக்கம் திருப்பிப் பாருங்கள். முகம் தெரிகிறதா? அப்படியானால் கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. போயிருந்தால் எல்லா ஆப்பிலும் போயிருக்கும், பென்ஷன் ஆப்புக்கு மட்டும் தனியாகப் போகாது. முதல் நாள் கறுப்பு, மறுநாள் முகம் தெரிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செத்த கேமரா ராத்திரியோடு ராத்திரியாகப் பிழைத்து எழுவதில்லை. புதுச்சேரியில் பதினெட்டு வருடமாக போன் பிரித்துக்கொண்டிருப்பவன் சொல்கிறேன், இந்தச் சோதனைக்குப் பத்து விநாடி போதும். அதைக்கூடச் செய்யாமல் விலை சொல்பவரிடம் எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

கறுப்புத் திரைக்குப் பெரும்பாலும் அனுமதிதான் காரணம். ஆப் முதல்முறை திறக்கும்போது கேமராவைப் பயன்படுத்தலாமா என்று கேட்கும். பயந்துபோய் வேண்டாம் என்று இரண்டு முறை தட்டிவிட்டால், புதிய போன்களில் அப்புறம் அது கேட்பதே இல்லை. செட்டிங்ஸ் போய், ஆப்ஸ், அதில் பெர்மிஷன்ஸ், அதில் கேமராவை அனுமதியுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வேலைக்கு இரண்டு ஆப் வேண்டும். ஒன்று சான்றை அனுப்பும் ஜீவன் பிரமாண், இன்னொன்று ஆதார் ஃபேஸ் ஆர்டி. இரண்டாவதுதான் முகத்தைப் பார்க்கிறது. ஆனால் அது பின்னணியில் ஓடும் ஆப், திரையில் அதற்கு ஐகானே வராது. செட்டிங்ஸில் உள்ள ஆப் பட்டியலில்தான் இருக்கும், அதற்கும் அங்கே கேமராவை அனுமதியுங்கள். இறக்கியும் காணோமே என்று ஜனங்கள் திரும்பத் திரும்ப இறக்குகிறார்கள், கடைசியில் யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய ஏபிகே ஃபைலை, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப் போடும் ஃபைலைப் போட்டுக்கொள்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். உயிர்வாழ் சான்று என்று பெயர் வைத்து வரும் ஏபிகே, பேங்க் கணக்கைக் காலி செய்ய வருவது. பிளே ஸ்டோர் தவிர வேறு எங்கிருந்தும் வேண்டாம். அப்படி ஏதாவது ஏற்கனவே போட்டுப் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

ஆண்ட்ராய்டு 12 முதல், மேலிருந்து இழுக்கும் பட்டியலில் கேமராவை மொத்தமாக அணைக்கும் பொத்தான் ஒன்றும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கை பட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

இனி, பொருந்தவில்லை என்பது. போன மாதம் இங்கே நெல்லித்தோப்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இதே புலம்பல். போனைக் கையில் வாங்கிப் பார்த்தால், முன்பக்கம் ஒட்டியிருந்த டெம்பர்ட் கிளாஸ் ஒரு நூல் இறங்கி, அதன் கறுப்புக் கரை கேமராவில் பாதியை மூடியிருக்கிறது. மீதிப் பாதியில் தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய். கிளாஸை உரித்து, வேட்டி முனையால் துடைத்தோம். முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது.

உங்கள் அப்பாவை ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டி அல்ல. பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். போனை அவர் கண் மட்டத்தில் நீங்கள் பிடியுங்கள், அவர் பிடித்தால் கை ஆடும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும் வரி சின்ன எழுத்தில் வந்து போகும். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அது எப்படித் தெரியும்? 74 வயதுக்காரருக்காகச் செய்த ஆப்பில் 24 வயதுக்காரர் கண்ணுக்கு எழுத்து. நீங்கள் பக்கத்தில் இருந்து, இப்போ சிமிட்டுப்பா என்று சொல்லுங்கள். இத்தனைக்கும் பொருந்தவில்லை என்றால், ஆதாரில் இருக்கும் படம் பழையதாக இருக்கலாம். ஆதார் மையத்தில் புதுப் படம் எடுத்துக்கொள்வதுதான் வழி.

அடுத்து அந்த நவம்பர் மிரட்டல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், கடைகள் பிழைப்பதே இதில்தான். நவம்பர் கெடு மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்கு. 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். உங்கள் அப்பா வாங்குவது இபிஎஸ் 95, அதாவது பிஎஃப் பென்ஷன். அதற்கு நவம்பர் என்று ஒன்றும் கிடையாது. எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். போன தடவை மார்ச் 10 கொடுத்திருந்தால் அடுத்த மார்ச் 10 வரை கவலையில்லை. போன வருடச் சான்றை எடுத்துத் தேதியைப் பாருங்கள். எடுத்துப் பாருங்கள் என்று இன்னொரு முறை சொல்கிறேன், ஏனென்றால் யாரும் பார்ப்பதில்லை. நவம்பர் பிறந்தால் பிஎஃப்காரர்களும் சேர்ந்து வரிசையில் நிற்கிறார்கள். உங்களுக்கு இந்த மாதம் அவசரமில்லை ஐயா, வீட்டுக்குப் போங்கள் என்று எந்தக் கவுண்டரிலும் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. (எங்கள் ஊரில் சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்குபவர்களுக்கு இந்த ஆப்போடு சம்பந்தமே இல்லை. அவர்களும் வந்து கேட்கிறார்கள்.)

போனில் முடியவே இல்லையா, தபால்காரரைக் கூப்பிடுங்கள். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் மூலம் வீட்டுக்கே வந்து கைரேகையோ முகமோ வைத்து முடித்துவிடுவார். வழக்கமான கட்டணம் 70 ரூபாய். பிஎஃப் பென்ஷன்காரர்களுக்கு அந்தச் செலவைத் தானே ஏற்பதாக பிஎஃப் நிறுவனம் 2025 நவம்பரில் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஆகவே கேட்டுவிட்டுக் காசை எடுங்கள்.

கடையில் போனை விடக்கூடாது என்று ஏன் முதலிலேயே சொன்னேன் என்றால், அதில் பேங்க் ஓடிபி வருகிறது, ஆதார் ஓடிபி வருகிறது. பூட்டின் பேட்டர்னையும் சீட்டில் எழுதிக் கேட்பார்கள். உண்மையிலேயே கேமரா மாற்ற வேண்டி வந்தாலும் எதிரே உட்கார்ந்து மாற்றச் சொல்லுங்கள், கழற்றிய பழைய கேமராவைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். என் கடையிலும் அப்படித்தான் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சான்று போனதும் அதன் அடையாள எண்ணான பிரமாண் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். வந்துவிட்டதென்று விட்டுவிடாதீர்கள். பிபிஓ எண்ணில், அதாவது பென்ஷன் உத்தரவு எண்ணில் ஓர் இலக்கம் தப்பினாலும் ஏற்காமல் போகலாம். ஆகவே சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் நிலையைப் பாருங்கள். ஏற்றுக்கொண்டது என்று வந்தால், தேதியை அப்பாவின் பாஸ்புக் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், அடுத்த வருடம் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் போனைத் துடைத்தால் போதும்.