ஒரு வகுப்பு பிடித்துப்போனால் துறையையே மாற்றலாமா?

கேள்வி: கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விருப்பப் பாடமாக எடுத்த தொற்றுநோயியல் (நோய்கள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்று ஆராயும் துறை) என்னை அப்படியே இழுத்துக்கொண்டது. இதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசை. ஆனால் எனக்குப் பிடித்தது பாடமா, பேராசிரியர் நடத்தும் விதமா என்று தெரியவில்லை. கணிதத்தை விட்டுவிடலாமா?

பதில்: கணிதத்தை விடாதீர்கள். தொற்று எப்படிப் பரவும் என்று கணிக்கும் மாதிரிகள் பலவற்றுக்கும் 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய வகைக்கெழுச் சமன்பாடுகள்தான் இன்றும் அடிப்படை. மற்றவர்கள் திணறும் இடத்தில் உங்களுக்குக் கை ஓடும்.

சரி, பாடமா பேராசிரியரா? 1854இல் லண்டனில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளைக் குறித்து வரைந்த தெரு வரைபடத்தை வகுப்பில் காட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்காதவர் குறைவு. ஆனால் வேலை வரைபடத்தில் இல்லை. இறந்தவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு, எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார் ஸ்னோ. கணக்கில் ஒட்டாதவர்களைத் தனியாகத் துருவினார். அவர் சந்தேகித்த குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்த மதுவடிசாலையின் தொழிலாளர்கள் ஏன் சாகவில்லை? அவர்கள் குடித்தது பீர். அங்கே தனிக் கிணறும் இருந்தது. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை ஏன் செத்தார்? அந்தக் குழாய்த் தண்ணீரின் ருசி பிடித்து, தினமும் வரவழைத்துக் குடித்தவர் அவர். (குழாயின் கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்றது என்பது கதை. அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டதை ஸ்னோவே ஒப்புக்கொண்டார்.)

இன்றும் அதே வேலைதான், கணினியில் நடக்கிறது. வயது என்ற இடத்தில் 250 என்றிருக்கும். ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு நோயாளியாகியிருப்பார். காய்ச்சல் தொடங்கிய தேதி பாதிப்பேருக்கு இருக்காது. இதையெல்லாம் சரிபார்த்த பிறகுதான் உங்கள் சமன்பாட்டுக்கே வேலை.

இந்தப் பகுதி உங்களுக்கு ஒத்துவருமா என்று இப்போதே பார்த்துவிடலாம். புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் (R) நிரல்மொழியில் ‘அவுட்பிரேக்ஸ்’ என்ற இலவசத் தொகுப்பு உண்டு. 2013இல் சீனாவில் எச்7என்9 பறவைக் காய்ச்சல் வந்த 136 பேரின் பட்டியல் அதில் இருக்கிறது. ஒரு வார இறுதியில் அதை எடுத்து, நோய் தொடங்கிய தேதிவாரியாக எத்தனை பேர் என்று ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். விடுபட்ட தேதிகளைப் பார்த்ததும் எரிச்சல் வருவது சகஜம். எரிச்சலோடு, ‘இவருக்கு மட்டும் ஏன் இல்லை?’ என்ற அரிப்பும் வந்தால், பேராசிரியர் ஒரு சாக்குதான், உங்களுக்குப் பிடித்தது வேலையே.

அடுத்த பருவத்தில் இதே துறையில் இன்னொரு பாடத்தை வேறு ஆசிரியரிடம் எடுங்கள். அவர் சுமாராக நடத்தினால் இன்னும் நல்லது! ஆர்வம் அப்போதும் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். கூடவே நிகழ்தகவு, தொடர்புப்போக்குப் பகுப்பாய்வு (ரிக்ரஷன்) இரண்டையும் கணிதத் துறையிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம், பேராசிரியரைப் பார்த்து ‘எதிர்காலம் எப்படி சார்?’ என்று கேட்காதீர்கள். பொதுவான பதில்தான் வரும். ‘போன வாரம் காலையிலிருந்து மாலைவரை என்னென்ன வேலை பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் ஆய்வில் தரவு சரிபார்க்க ஆள் தேவையா என்றும் கேட்டுவிடுங்கள். இந்தத் துறையில் பெரும்பாலான வேலைகளுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். உண்மையான முடிவை எடுக்கவேண்டியது அதற்கு விண்ணப்பிக்கும்போதுதான். அதற்கு இன்னும் நேரமிருக்கிறது.