பேரன் ஏன் இப்படிக் கத்துகிறான்?
வாசகர் கேள்வி பதில்: கட்டிளமைப் பருவத்தினரின் உளநலம்

கேள்வி: என் மகள் நான்கு வருடங்களாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். தரம் 10இல் படிக்கும் பேரனை நானும் தாத்தாவும் வளர்க்கிறோம். எதைக் கேட்டாலும் கத்துகிறான், கோப்பையைத் தூக்கி எறிகிறான், பிறகு மணிக்கணக்கில் பேசாமல் சுருண்டு படுத்துக்கொள்கிறான். மகள் வேலை முடித்து நடுச்சாமத்தில்தான் அழைப்பாள். அதுவரை விழித்திருப்பான். நாலு அடி போட்டால் திருந்திவிடுவான் என்கிறார் தாத்தா. நான் என்ன செய்வது?
(ஒரு பாட்டி, மஸ்கெலியா)

பதில்: அம்மா, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த நடுச்சாம அழைப்பிலிருந்தே தொடங்குகிறேன். குவைத் நேரம் நமது நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே இரவு 10 மணிக்கு உங்கள் மகளின் வேலை முடிந்தால் இங்கே 12.30 ஆகிவிடும். பேசி முடித்து, பேசியதையெல்லாம் நினைத்துப் புரண்டு, அவன் தூங்கும்போது என்ன நேரமாகும் என்று எண்ணிப் பாருங்கள். 13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் தேவை. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹோர்மோனும் இவ்வயதில் பிந்தியே சுரக்கிறது. விடியற்காலையில் எழுந்து தோட்டத்திலிருந்து பாடசாலைக்கு நடக்கும் பிள்ளை பாதித் தூக்கத்தோடு வாழும்போது, சின்னச் சொல்லும் அவனுக்குப் பெரிய அடியாகவே விழும். ஆகவே, வாரத்தில் ஓய்வு கிடைக்கும் நாளொன்றில் நேரத்தோடு அழைக்க முடியுமா என்று மகளிடம் கேளுங்கள். மற்ற நாட்களில் அவள் குரல்பதிவு அனுப்பட்டும், அவன் காலையில் கேட்கட்டும்.

அவன் வேண்டுமென்று நடிக்கவில்லை. மனவெழுச்சிகளைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் பூப்பெய்தும் பருவத்திலேயே வேகமெடுத்துவிடுகின்றன. அவற்றை நிதானப்படுத்தும் முன்மூளைப் பகுதியோ ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த இடைவெளியில் பிள்ளைக்குத் துணை நிற்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் பெரியவரின் நிதானம்தான். அடி அந்த வேலையைச் செய்யாது. அடிக்குப் பயந்து அவன் வாயை மூடிக்கொள்வான், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் குரோஸும் அவரோடு ஆய்வு செய்தோரும் 1990களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனவெழுச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கியவர்களின் உடலில் பதற்றம் தணியவில்லை, சில அளவீடுகளில் கூடவே செய்தது. ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் இருக்கும் லயன்களில், சத்தம் போடாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று மெச்சியே நாம் பழகியிருக்கிறோம். கத்தும் பேரனைவிட, கத்தி முடித்துச் சுருண்டு படுக்கும் பேரனைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை.

அவன் கொதிக்கும்போது புத்திமதி சொல்லாதீர்கள். எறியக்கூடியவற்றை எடுத்து வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி, ஆனால் அவன் கண்ணுக்குத் தெரியும்படி இருங்கள். அடங்கிய பிறகு, தேநீர் குடிக்கும் நேரத்திலோ தண்ணீர் எடுக்கப் போகும் வழியிலோ, “அம்மா பேசின பிறகு உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கா அப்பு?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, இன்னொரு நாள் மறுபடி கேளுங்கள். கோபப்படுவது குற்றமல்ல, கோப்பையை எறிவதுதான் கூடாது என்பதை அவன் உங்கள் வாயால் கேட்கட்டும்.

இந்த ஒதுக்கம் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், சாப்பாடு குறைந்தால், விளையாட்டை விட்டுவிட்டால், ஆசையாக வைத்திருந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுத்தால், “நான் இல்லாவிட்டால் நல்லது” என்பது போலப் பேசினால் தாமதிக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் போலத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, சொல்ல ஓர் ஆள் இருக்கிறது என்ற தெம்புதான் பிறக்கும். தாத்தா மரக்கறித் தோட்டம் செய்பவரானால் பூச்சி மருந்தையும் களைகொல்லியையும் இன்றே பூட்டி வைக்கச் சொல்லுங்கள். 1995 அளவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்று இலங்கையில் இருந்தது. கொடிய நச்சுப் பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பிறகு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. சாகத் தோன்றும் வேகம் பெரும்பாலும் கடந்து போகக்கூடியது, அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமலிருந்தால் உயிர் தப்பும்.

கேள்வி: தரம் 9 மாணவி ஒருத்தியின் கையில் பிளேட்டால் கீறிய தழும்புகளைக் கண்டேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அழுதாள். பெற்றோருக்கு அறிவிக்கலாமா?
(ஓர் ஆசிரியை, தலவாக்கலை)

பதில்: அவள் உங்களிடம் அழுதது நல்ல அறிகுறி. தாங்க முடியாத மனவேதனையை வேறு எப்படித் தணிப்பதென்று தெரியாத பிள்ளைகளே பெரும்பாலும் இப்படிச் செய்கிறார்கள். அதைப் பகட்டு என்று ஒதுக்குவது ஆபத்து, ஏனெனில் சாகும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும், பின்னாளில் தற்கொலைக்கு முயலும் அபாயம் இவர்களிடம் அதிகம். இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். “உன்னைப் பாதுகாக்கத் தேவையானவரிடம் மட்டும் சொல்வேன், சொல்லுமுன் உனக்கு அறிவிப்பேன்” என்று கூறுங்கள். காலைக் கூட்டத்திலோ வகுப்பிலோ இப்பேச்சு எழவே கூடாது. வேதனையின் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்ற ஐயம் இருந்தால், பெற்றோருக்கு முன்னதாகத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தோடு பேசுங்கள். அப்படி இல்லையென்றால் தாயைத் தனியே அழைத்து, திட்டவோ அடிக்கவோ வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டு, வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல உதவுங்கள்.

கேள்வி: எனக்கு 17 வயது. காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது, பரீட்சையை நினைத்தால் அழுகை வருகிறது. வைத்தியசாலைக்குப் போனால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களா?
(ஒரு மாணவர், ஹட்டன்)

பதில்: எழுத மாட்டார்கள், தம்பி. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோவோர் உளநலச் சிக்கலோடு வாழ்கிறார், உங்கள் வகுப்பிலும் இன்னும் சிலர் இருப்பார்கள். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். கிளினிக் கொப்பி உங்கள் கையில்தான் இருக்கும், பாடசாலைக்குப் போகாது. முதலில் பேசிப் பார்க்க விரும்பினால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை எந்த நேரமும் அழைத்து, எடுத்தவுடனேயே தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். வைத்தியசாலைக்குப் போனால், நெஞ்சுப் படபடப்பு எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, தூக்கம் எப்படி என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முன்னால் வார்த்தை வராவிட்டால் அந்தத் தாளை நீட்டினாலே போதும்.