சிச்சென் இட்சாவும் செனோட்டே குளியலும்: ஒருநாள் பயணக் கேள்வி-பதில்

மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில் சிச்சென் இட்சா போன்ற, மாயர் எனும் பழங்குடி மக்களின் பழைய நகரங்களையும், செனோட்டே எனப்படும் சுண்ணாம்புப் பாறைக் குளங்களையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கான்கூனில் தங்குகிறோம். சிச்சென் இட்சாவை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

முடியும். தூரம் சுமார் 200 கிலோமீட்டர். சுங்கச்சாலை வழியாகப் போனால் இரண்டரை மணி நேரம். ஆனால் அந்த நாள் நன்றாக அமைவதும் வீணாவதும் கிளம்பும் நேரத்தில்தான் இருக்கிறது. வளாகம் காலை 8 மணிக்குத் திறக்கிறது. பெரிய சுற்றுலாப் பேருந்துகள் ஒவ்வொரு ஹோட்டலாக நின்று ஆள் ஏற்றி, வழியில் ஒரு கைவினைக் கடையிலும் நிறுத்திவிட்டு வந்து சேர முற்பகல் பாதி கடந்துவிடும். அப்போது எல்லாப் பேருந்துகளும் ஒன்றாக வந்து நிற்கும். வெயிலும் ஏறியிருக்கும், நிழலோ மிகக் குறைவு.

ஆகவே பதிவு செய்யும் முன் நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வளாக வாசலில் எத்தனை மணிக்கு இறக்கிவிடுவீர்கள்? உள்ளே மொத்தம் எவ்வளவு நேரம், அதில் கைடு இல்லாமல் நாங்களாகச் சுற்றுவது எவ்வளவு? முதலில் இடிபாடுகளா, கடையா, குளியலா? 'அதிகாலைப் பயணம்' என்று விற்கப்படும் சிறு வேன் பயணங்கள் கொஞ்சம் விலை கூடினாலும் அந்தப் பணம் வீண் போகாது. நேரம் கையில் இருந்தால் முந்தின இரவே வயடோலிட் ஊரில் தங்குங்கள். அங்கிருந்து 45 நிமிடம்தான். திறக்கும்போதே வாசலில் நிற்கலாம்.

கான்கூனுக்கும் சிச்சென் இட்சாவுக்கும் நேர வித்தியாசம் உண்டாமே?

உண்டு, ஒரு மணி நேரம். கான்கூன், பிளாயா டெல் கார்மென், துலூம் ஆகியவை கின்டானா ரோ மாநிலத்தில் உள்ளன. சிச்சென் இட்சா யுகாத்தான் மாநிலத்தில் இருக்கிறது. யுகாத்தான் கடிகாரம் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். காலை 6 மணிக்குக் கான்கூனை விட்டால், இரண்டரை மணி நேரப் பயணத்துக்குப் பிறகு அங்கே மணி ஏழரைதான். போகும்போது கிடைக்கும் இந்த ஒரு மணி நேரம் திரும்பும்போது போய்விடும். அன்று இரவே விமானம் ஏற வேண்டியவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மாநில எல்லைக்கு அருகே கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். அதனால் பேருந்துக்குத் திரும்ப வேண்டிய நேரத்தைக் கைடின் கடிகாரத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

நுழைவுக்கட்டணம் பயண விலையில் சேருமா? டாலர் போதுமா?

விளம்பரத்தில் மிக மலிவாகத் தெரியும் பயணங்களில் பெரும்பாலும் சேராது. சிச்சென் இட்சாவில் இரண்டு கட்டணங்கள்: ஒன்று மத்திய அரசின் தொல்லியல் நிறுவனத்துக்கு, இன்னொன்று மாநில அரசுக்கு. வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்த்து 600 பெசோவைத் தாண்டும். அதைப் பேருந்திலேயே ரொக்கமாக வசூலிப்பார்கள். செனோட்டே நுழைவு, உயிர்காப்பு அங்கி வாடகை, லாக்கர், மதிய உணவில் பானம் ஆகியவற்றையும் 'சேருமா?' என்று தனித்தனியே கேளுங்கள். டாலர் வாங்குவார்கள், ஆனால் மாற்று விகிதம் அவர்கள் சொல்வதுதான். பெசோவாகச் சில்லறையுடன் வைத்திருப்பதே நல்லது. வெளிநாட்டுப் பெண்மணி என்பதற்காகவோ பெரிய குடும்பம் என்பதற்காகவோ விலை கூட்டிச் சொன்னால், வாசலில் ஒட்டியிருக்கும் கட்டணப் பலகையைப் பார்த்தால் போதும்.

பிரமிடு மேலே ஏற விடுவார்களா?

சிச்சென் இட்சாவில் ஏற முடியாது. 2006-இல் ஒரு பயணி விழுந்து இறந்த பிறகு நிறுத்திவிட்டார்கள். கயிறு தாண்டி ஓடி ஏறுபவர்களைக் காவலர்கள் பிடித்து அபராதம் போடுகிறார்கள்.

ஏறாமலே பார்க்க நிறைய இருக்கிறது. குகுல்கான் கோயில் எனப்படும் அந்தப் பிரமிடின் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், மேல்மேடை ஒன்று, ஆக 365. மேலே உள்ள கோயிலையும் சேர்த்து உயரம் சுமார் 30 மீட்டர். உள்ளே இன்னொரு பழைய பிரமிடு மறைந்திருக்கிறது. அதில் சிவப்பு வண்ணம் பூசிய ஜாகுவார் ஆசனம் 1930-களில் கண்டெடுக்கப்பட்டது. வடக்குப் படிக்கட்டின் எதிரே நின்று கைதட்டினால், கெட்சால் பறவையின் குரல்போல எதிரொலி கீழிறங்கி வரும். கூட்டம் சேர்ந்துவிட்டால் இது சரியாகக் கேட்காது. சீக்கிரம் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கைடு அவசியமா? தகவல் பலகையைப் படித்துக்கொண்டால் போதாதா?

எங்கள் கருத்தில் இங்கே கைடு அவசியம். பலகைகள் குறைவு, சிற்பங்களோ கதை தெரியாமல் பார்த்தால் வெறும் கல்லாகத் தெரியும். பெரிய பந்தாட்டக் களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 168 மீட்டர், அகலம் 70 மீட்டர். அதன் சுவரின் அடிப்பகுதியில் ஆட்டக்காரர்கள் இரு வரிசையாக நிற்கும் புடைப்புச் சிற்பம் உண்டு. நடுவில் தலை வெட்டப்பட்டவனின் கழுத்திலிருந்து குருதி பாம்புகளாகவும் கொடியாகவும் பீறிடும். யாராவது விரலால் காட்டாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் அதைக் கடந்து போய்விடுவார்கள்.

அரசு உரிமம் பெற்ற கைடுகள் அடையாள அட்டை அணிந்திருப்பார்கள், வாசலிலும் கிடைப்பார்கள். விலையை ஆளுக்கா குழுவுக்கா என்று முதலிலேயே பேசி முடியுங்கள். ஒரு மணி நேரம் கைடுடன், அதன்பின் குறைந்தது ஒரு மணி நேரம் தனியாக என்றால் எல் கரகோல் வானாய்வுக் கட்டடம் வரை நிதானமாக நடக்கலாம். குழுக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதே இல்லை.

உள்ளேயே ஒரு செனோட்டே இருக்கிறதே, அதில் குளிக்கலாமா? கன்னிப்பெண்களை அதில் தள்ளினார்கள் என்பது உண்மையா?

குளிக்கக் கூடாது. விளிம்பில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அது வழிபாட்டுக்குரிய நீர்நிலையாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்டு தாம்சன் அதைத் தூர்வாரியபோது தங்கம், பச்சைக்கல், சாம்பிராணி போன்ற பிசின் உருண்டைகள், மனித எலும்புகள் எல்லாம் வந்தன. 'கன்னிப்பெண்கள்' என்ற கதை இன்னமும் பேருந்தில் சொல்லப்படுகிறது. ஆனால் எலும்புகள் ஆண், பெண், குழந்தைகள் எனக் கலந்தே கிடைத்தன. அந்தக் குளத்துக்கு அருகே ஒரு நிலத்தடித் தொட்டியில் 1967-இல் கண்டெடுக்கப்பட்ட எலும்புகளில் 64 குழந்தைகளின் மரபணுவை ஆராய்ந்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். 64 பேரும் ஆண் குழந்தைகள். அவர்களில் ஒரே உருவ இரட்டையர் இரண்டு ஜோடி. கைடு பழைய கதையைச் சொன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள். நல்ல கைடு இன்னும் நிறையச் சொல்வார்.

எனக்கு நீச்சல் தெரியாது. செனோட்டேயில் இறங்கலாமா?

இறங்கலாம், ஆனால் சரியான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிச்சென் இட்சா பயணங்களில் வழக்கமாகக் கூட்டிப்போவது மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இக் கில். தரைமட்டத்திலிருந்து சுமார் 26 மீட்டர் கீழே தண்ணீர். பாறையில் வெட்டிய ஈரமான படிகளில் இறங்க வேண்டும். தண்ணீரின் ஆழமோ 40 மீட்டருக்கு மேல். கால் ஊன்ற இடமே கிடையாது. உயிர்காப்பு அங்கி இருந்தால் ஆழம் எவ்வளவானாலும் மிதப்பீர்கள். ஆனால் கீழே கருநீலமாக ஒன்றும் தெரியாதபோது சிலருக்குப் பதற்றம் வந்துவிடும்.

அங்கி மாட்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள். இன்னொருவரை உங்கள் தோள்பட்டைப் பகுதியில் அங்கியைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அது காது வரை ஏறினால் பெரிது, மாற்றி வாங்குங்கள். தளர்ந்த அங்கி தண்ணீரில் மேலேறி முகத்தை மறைப்பதால்தான் நீச்சல் தெரியாதவர்கள் கையைக் காலை உதறுகிறார்கள். ஏணியில் பின்புறமாக இறங்கி, குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உடல் தண்ணீரின் குளிர்ச்சிக்குப் பழகும் வரை அசையாமல் இருங்கள். தண்ணீர் 24, 25 டிகிரிதான். வெயிலில் நடந்து சூடேறிய உடம்புடன் சட்டென்று குதித்தால் மூச்சு திணறும். பிறகு மல்லாந்து சாய்ந்து காலை மட்டும் மெல்ல அடித்தால் போதும்.

குழந்தைகளுடன் வருபவர்களுக்கும், தரையில் கால் பட்டால்தான் நிம்மதி என்பவர்களுக்கும் துலூம் பக்கத்துக் கிரான் செனோட்டே பொருத்தம். ஆழமில்லாத பகுதிகளும் சிறு ஆமைகளும் உண்டு. கோபா என்ற இன்னொரு மாயர் நகர இடிபாட்டுக்கு அருகே உள்ள சூ-ஹா செனோட்டேயும் ஆழம் குறைந்தது. அதே வட்டாரத்தில் தம்காச்-ஹா இருக்கிறது. அங்கே 5, 10 மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கும் மேடைகள். அது நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

சன்ஸ்கிரீன் பூசக் கூடாது என்கிறார்கள். 'இயற்கையில் மக்கும்' வகையாவது பூசலாமா?

அதுவும் வேண்டாம். பல செனோட்டேகளில் எந்த வகையையும் விடுவதில்லை, கொசு விரட்டிக் களிம்பையும் சேர்த்துத்தான். யுகாத்தானின் வடபகுதியில் தரைக்கு மேல் ஆறுகள் இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையில் கசிந்து நிலத்தடியில் ஓடுகிறது. செனோட்டே என்பது அந்த நிலத்தடி நீரின் கூரை இடிந்து திறந்த இடம். நீங்கள் குளிப்பது அந்த வட்டார மக்களின் குடிநீர் ஆதாரத்தில். மூடிய செனோட்டேகளில் நீரோட்டமும் வெயிலும் குறைவு என்பதால், மேலே படியும் எண்ணெய்ப் படலம் அங்கேயே நிற்கும்.

இறங்கும் முன் ஷவரில் குளிக்கச் சொல்வதை ஒரு சடங்காக எண்ணித் தலையை மட்டும் நனைத்துவிட்டு ஓடுகிறார்கள். வெறும் தண்ணீரில் சன்ஸ்கிரீன் போகாது, துண்டால் தேய்த்துக் கழுவ வேண்டும். இடிபாடுகளில் சுற்றும்போது அகலமான தொப்பி, முழுக்கை மேல்சட்டை, நீளக் கால்சட்டை போட்டுவிட்டால் களிம்பு பூச வேண்டிய இடம் முகமும் புறங்கையும்தான். தலைக்கு எண்ணெய் தேய்க்கும் வழக்கமுள்ளவர்கள் அன்று ஒருநாள் தேய்க்காமல் வாருங்கள்.

தண்ணீருக்கு நைலான் அல்லது லைக்ரா முழுக்கை நீச்சலுடை நல்லது. பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், ஏணியிலும் சிக்கும். படிகளில் பாசி இருப்பதால் பிடிப்புள்ள நீர்க்காலணி கொண்டுவாருங்கள்.

முதலில் குளியலா, இடிபாடுகளா?

இடிபாடுகள். காலையில் வெயில் குறைவு, கூட்டமும் குறைவு. குளியலை முதலில் வைக்கும் பயணத்தில் உச்சிவெயிலில் சிச்சென் இட்சா போய்ச் சேருவீர்கள். பல பயணங்களில் குளியலுக்கு முன் பஃபே சாப்பாடு வைக்கிறார்கள். அங்கே வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

நாங்கள் சைவம். பஃபேயில் என்ன சாப்பிடலாம்?

சோள டோர்ட்டியா, பழங்கள், காய்கறி, அவகாடோ ஆகியவற்றில் சிக்கல் இல்லை. கறுப்பு பீன்ஸ்தான் ஏமாற்றும். பார்க்கச் சைவமாக இருக்கும், ஆனால் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கலாம். சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. 'சின் மன்டேகா' என்றால் பன்றிக் கொழுப்பு இல்லாமல், 'சின் கார்னே, சின் போயோ' என்றால் இறைச்சியும் கோழியும் இல்லாமல். இந்த மூன்றையும் கைபேசியில் ஸ்பானிய எழுத்தில் எழுதிவைத்துக் காட்டுங்கள். எலுமிச்சை சூப் என்று பெயர் இருந்தாலும் சோபா தே லீமாவில் கோழி இருக்கும். கொச்சினீத்தா பிபில் பன்றி இறைச்சி. முட்டை சாப்பிடுபவர்களுக்குப் பூசணி விதைச் சாறு ஊற்றிய பபட்சூலெஸ் அருமையான உணவு. மேசையில் இருக்கும் ஹபனேரோ மிளகாய்ச் சாற்றை நம் ஊர்க் காரம் பழகிய நாக்கு என்ற தைரியத்தில் கரண்டியால் ஊற்றாதீர்கள், சொட்டு விட்டுப் பாருங்கள்.

வயதான பெற்றோருடன் போகிறோம். சிச்சென் இட்சாவா, துலூமா?

சிச்சென் இட்சா சமதரை, ஆனால் தூரமும் வெயிலும் அதிகம். துலூம் சிறியது, கடலோரப் பாறைமேல் நிற்பதால் காற்று வரும். ஆனாலும் நிறுத்துமிடத்திலிருந்து இடிபாடுகள் வரை நடை உண்டு. இப்போது அது ஜாகுவார் பூங்காவுக்குள் இருப்பதால் கட்டணமும் கூடியிருக்கிறது. கோபாவில் மூன்று சக்கர மிதிவண்டியில் உட்காரவைத்து மரநிழலிலேயே கூட்டிப்போவார்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு நாங்கள் சொல்வது கோபாவைத்தான். இக் கில்லில் அவர்கள் மேலே நின்றே பார்க்கலாம், கீழே இறங்க லிஃப்ட் இல்லை.

பாம்பு நிழல் விழும் நாளில் போவது நல்லதா?

மார்ச் 20, 21 மற்றும் செப்டம்பர் 22, 23-ஐ ஒட்டி, மாலைநேரத்தில் குகுல்கான் கோயிலின் வடக்குப் படிக்கட்டின் ஓரத்தில் முக்கோண ஒளித்துண்டுகள் பாம்பு வடிவில் இறங்கும். அந்த நாளில் கூட்டம் நெரியும். இரண்டு மூன்று நாள் முன்னோ பின்னோ போனாலும் ஏறக்குறைய அதே காட்சி தெரியும். ஒரு தொல்லை என்னவென்றால், வழக்கமான ஒருநாள் பயணங்கள் அந்த நேரத்துக்குள் கிளம்பிவிடும். இதற்காகவே வருபவர்கள் அருகே உள்ள பிஸ்தேயில் தங்க வேண்டும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது.

ட்ரோன், ட்ரைபாட் கொண்டுபோகலாமா?

ட்ரோனுக்குத் தடை. ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும், அன்று காலை கேட்டால் கிடைக்காது. சாதாரணப் படங்களுக்குக் கைபேசி போதும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா?

வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் தனி மெக்சிகோ விசா இல்லாமல் சுற்றுலா போகலாம். அமெரிக்காவில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகி, வேலை அனுமதிக் கடிதம் மட்டும் நடப்பில் இருந்தால் அதைக் காட்டி இந்தச் சலுகையைப் பெற முடியாது. கிளம்பும் முன் மெக்சிகோ தூதரகத்தின் தளத்தில் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது? மழை வந்தால் பயணம் வீணா?

நவம்பர் முதல் மார்ச் வரை இதமாக இருக்கும். ஏப்ரல், மே கடும் வெயில். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். ஆனால் அந்த மாதங்களில் மழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்து ஓய்ந்துவிடும், அதிகாலையில் கிளம்பியவர்களை அதிகம் பாதிக்காது. இடி இடித்தால் திறந்த செனோட்டேயிலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள். புயல் எச்சரிக்கையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதி மட்டும்தானா என்பதை முன்பணம் கட்டும்போதே எழுத்தில் வாங்கிவையுங்கள்.