பீகாக் பாஸ், தோமான், சியாகாப்: எந்த தண்ணிக்கு எந்த லூர்? கேள்வி பதில்

லூர், அதாவது மீன ஏமாத்த தூண்டில்ல கட்டுற செயற்கை இரை பத்தி கேளுங்கன்னு சொன்னதுக்கு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒரே மாதிரி இருந்தத சேத்துட்டேன். தலைப்புல இருக்கிறது மூணும் மீனு, தோமான்னா பெரிய விரால் வகை, சியாகாப்னா கொடுவா. ஏப்ரல் மழை ஆரம்பிச்சாச்சு, கேஎல்ல (கோலாலம்பூர்) மத்தியானத்துக்கு மேல இடி இடிக்குது, லொம்போங்ல (பழைய ஈயச் சுரங்கக் குளம்) தண்ணி ஏறுது, அதனால இப்ப உள்ள நிலைமைக்கு ஏத்த மாதிரியே பதில் சொல்றேன்.

செந்தூல்ல இருந்து: அண்ணே, புதுசா ஆரம்பிக்கிறேன். பூச்சோங் பக்கம் பழைய லொம்போங்ல பீகாக் பாஸ் இருக்குன்னு கூட்டாளி சொன்னான். கைல 50 ரிங்கிட் இருக்கு, என்ன வாங்கலாம்?

தம்பி, 3 இஞ்ச் பேடில் டெயில் (துடுப்பு மாதிரி வால்) சாஃப்ட் பிளாஸ்டிக், அதாவது மெத்து ரப்பர் மாதிரி லூர் ஒரு பாக்கெட், 5 கிராம், 7 கிராம்ல ஜிக் ஹெட் (தலையில ஈயம் வச்ச கொக்கி), காசு மிச்சம் இருந்தா 6 சென்டி மின்னோ (குட்டி மீன் வடிவ கெட்டி லூர்) ஒண்ணு. இது போதும்.

ஏன் சாஃப்ட் பிளாஸ்டிக்க முதல்ல சொல்றேன்னா, லொம்போங் இயற்கையா வந்த குளம் இல்ல, ஈயம் தோண்டுன பள்ளம். கரையில இருந்து கொஞ்ச தூரத்துலயே தரை படக்குன்னு கீழ போயிடும். மீனு அந்த சரிவ ஒட்டி நிக்கும், இல்லனா முங்கி கிடக்கிற மரத்துக்கு பக்கத்துல நிக்கும். சின்ன லிப் (லூர தண்ணிக்குள்ள கீழ இறக்குற முன்பக்கத் தகடு) வச்ச மின்னோ ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல இறங்காது, மீனு மூணு மீட்டர்ல இருந்தா நீ நாள் பூரா வீசுனாலும் அது தலைக்கு மேலயே போயிட்டு இருக்கும். ஜிக் ஹெட்டுல மாட்டுன சாஃப்ட் பிளாஸ்டிக் நீ விடுற ஆழத்துக்கு போகும். வீசிட்டு மனசுக்குள்ள எண்ணு. முதல் தடவ 3 வரைக்கும் எண்ணிட்டு சுத்து, அடுத்தது 6, அடுத்தது 10. எந்த எண்ணிக்கையில அடிச்சுச்சோ அதையே திரும்ப பண்ணு. நேரா நடுத் தண்ணிக்கு வீசாத, கரைய ஒட்டி பக்கவாட்டுல வீசு, அப்பதான் லூர் ரொம்ப நேரம் மீன் இருக்கிற இடத்துலயே ஓடும்.

இன்னொரு விஷயம், பீகாக் பாஸுன்னு பேரு இருந்தாலும் அது பாஸ் குடும்பமே இல்ல, தென் அமெரிக்காவுல இருந்து வந்த மீனு, நம்ம திலாப்பியாவுக்கு சொந்தம். பகல்ல கண்ணால பாத்து துரத்தி வேட்டையாடும். லூர் பின்னாடி வந்துட்டு திரும்பப் போற மாதிரி தெரிஞ்சா நிறுத்தாத, இன்னும் வேகமா சுத்து. தப்பிச்சு ஓடுற இரைய அது விடாது.

கரை விளிம்புல நிக்காத தம்பி, மழை நேரத்துல லொம்போங் மண்ணு சரியும், கீழ ஆழம்.

கிள்ளான்ல இருந்து: எந்த கலர் பெஸ்ட்?

எல்லாரும் இத தான் முதல்ல கேக்குறீங்க, நான் கடைசியா தான் பாப்பேன். ஆழம் முதல்ல, வேகம் ரெண்டாவது, சைஸு மூணாவது, அப்புறம் தான் கலர். தண்ணி தெளிவா இருந்தா வெள்ளி, பச்சை, குட்டி மீன் மாதிரி இருக்கிறது. மழைக்கு அப்புறம் தே தாரிக் (பால் டீ) நிறத்துல இருந்தா பளிச்சுனு மஞ்சப் பச்சை, இல்லனா ஒரேடியா கருப்பு, கருப்புக்கு நிழல் நல்லா விழும். சிவப்பு கொஞ்சம் ஆழம் போனாலே மங்கிடும், அதனால சிவப்பு லூர் அடியில சிவப்பா தெரியுதுன்னு நெனைக்காதீங்க.

பெட்டாலிங் ஜெயாவுல இருந்து: ஏப்ரல்ல ஜப்பான் போறோம், பீவா ஏரியில ஒரு நாள் பாஸ் பிடிக்கலாம்னு ஆசை. இங்க வச்சிருக்கிற லூரே போதுமா?

ரொம்ப நல்ல ஆசைங்க. லார்ஜ்மௌத் பாஸ் உலக சாதனைய 2009ல அங்க பிடிச்ச மீனு சமன் பண்ணுச்சு, 10 கிலோவுக்கு மேல. 1932ல இருந்து அமெரிக்காவுல ஜார்ஜியாவுல பிடிச்சது தனியா நின்ன சாதனை.

ஆனா இங்க பழகுன வேகத்த மறந்துடுங்க. ஏப்ரல் அங்க வசந்தம், தண்ணி இன்னும் சில்லுனு இருக்கும், மீனு முட்டை போடுறதுக்கு முன்னாடி ஆழத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கரைப்பக்கம் ஏறி வரும் நேரம். பசி இருக்கும், ஆனா உடம்பு சூடு ஏறல, ரொம்ப தூரம் துரத்தாது. சஸ்பெண்டிங் ஜெர்க்பெய்ட் (இழுக்கிறத நிறுத்துனா முங்காம, மிதக்காம அதே ஆழத்துல நிக்கிற நீள லூர்) எடுத்துட்டு போங்க, ரெண்டு தடவ வெட்டி இழுத்துட்டு அப்படியே விடுங்க, அஞ்சு செகண்ட், பத்து செகண்ட், கை அரிக்கும் ஆனா விடுங்க. நிக்கிற நேரத்துல தான் அடிக்கும். பாசி இருக்கிற இடத்துல லிப் இல்லாத வைப்ரேஷன் லூர், பாசிய லேசா உரசிட்டு விடுபட்டு வர்ற மாதிரி.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. சூடான தண்ணி லேசு, குளிர்ந்த தண்ணி கனம். அதே லூரு நம்ம ஊரு 30 டிகிரி தண்ணியில மெதுவா முங்கும், அங்க 12 டிகிரியில மெதுவா மேல ஏறும். அதனால இங்க டெஸ்ட் பண்ணி "சரியா நிக்குது"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஒட்டுற ஈயத் தகடு கொஞ்சம் கொண்டு போங்க, அந்த ஏரித் தண்ணியிலயே வயித்துப் பக்கம் ஒட்டிப் பாத்து சரி பண்ணுங்க.

அதோட சட்டம். அங்க பாஸ் வெளியூர் மீனு. பீவா இருக்கிற ஷிகா மாநிலத்துல பிடிச்ச பாஸ ஏரியில திரும்ப விடக் கூடாது, கரையில அதுக்குன்னு போடுற பெட்டி இருக்கு. உயிரோட வேற இடத்துக்கு கொண்டு போறது ஜப்பான் முழுக்க தடை. பிடிச்சு விட்டுப் பழகுனவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஆனா அந்த ஏரியிலயே பிறந்த மீனுங்கள காப்பாத்த போட்ட சட்டம், மதிக்கணும்.

ரவாங்ல இருந்து: ஃப்ராக் (தவளை மாதிரி மிதக்கிற லூர்) போடுறேன், தோமான் சத்தமா அடிக்குது, ஆனா மாட்ட மாட்டேங்குது.

சத்தம் கேட்ட அதே நொடியில இழுக்கிறீங்க. ஃப்ராக் இன்னும் வாய்க்குள்ள முழுசா போயிருக்காது. ராட் நுனிய கீழ இறக்குங்க, தொய்வ சுத்துங்க, கனம் தெரிஞ்ச உடனே பலமா அடிங்க. பிரெய்டு (பின்னல் லைன்) பிஇ 3, 4 தடிமன்ல போடுங்க, லீடர் (லூருக்கு முன்னாடி கட்டுற தடிச்ச லைன்) 50 பவுண்டுக்கு குறையாம, அதோட பல்லுக்கு சன்ன லீடர் தாங்காது.

தோமான் காத்து குடிக்க மேல வரும் பாத்திருப்பீங்க, வளையம் போடும். அந்த வளையத்துக்கு நடுவுல வீசாதீங்க, பயந்துடும். எந்தப் பக்கம் திரும்பி முங்குச்சுன்னு பாத்து அதுக்கு ரெண்டு மீட்டர் முன்னாடி தள்ளி வீசி, குறுக்கால கொண்டு வாங்க.

அதே ஆளு: குஞ்சுக் கூட்டம் பாத்தேன், அங்க போட்டா உடனே அடிக்குமாமே?

அடிக்கும். பசியில அடிக்கல, பிள்ளைய காப்பாத்த அடிக்குது. அப்பா அம்மாவ தூக்கிட்டா அந்த சிவப்புக் குஞ்சுங்கள மத்த மீனுங்க சுத்தி வந்து சாப்பிட்டுடும். நான் போட மாட்டேன், நீங்களும் போடாதீங்க அண்ணே.

பட்டர்வொர்த்ல இருந்து: லொம்போங் லூர் வச்சு ஆத்து முகத்துல சியாகாப் பிடிக்கலாமா?

லூர் ஓகே, கொக்கி ஓகே இல்ல. கடைக் கொக்கிய கழட்டிட்டு தடிச்ச உப்புத்தண்ணிக் கொக்கி, கொக்கிய மாட்டுற ஸ்ப்ளிட் ரிங் வளையம் மாத்துங்க, பெரிய கொடுவா சன்னக் கொக்கிய நிமித்திடும். செவுள் மூடி கத்தி மாதிரி, லீடர் 40 பவுண்டு. பினாங்கு பக்கம் லூர விட தண்ணி ஓட்டம் முக்கியம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டுன நாள்ல தண்ணி வேகமா ஏறி இறங்கும், வத்த ஆரம்பிச்ச உடனே சதுப்புக்குள்ள இருந்த எறாலும் குட்டி மீனும் வாய்க்கால் வழியா வெளிய வரும், சியாகாப் அந்த வாசல்லயே நிக்கும். எறால் மாதிரி சாஃப்ட் பிளாஸ்டிக்க ஓட்டத்தோட மெதுவா விடுங்க. முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவிடுங்க.

அம்பாங்ல இருந்து: புது கிராங்க்பெய்ட் (லிப் வச்ச குண்டு லூர்) ஒரு பக்கமா சாஞ்சு ஓடுது, கடையில மாத்தவா?

மாத்த வேணாம். மூக்குல லைன் கட்டுற வளையத்த பிளையரால லேசா வளைங்க. இடது பக்கம் ஓடுனா வலது பக்கம், வலது பக்கம் ஓடுனா இடது பக்கம். முடி அளவு தான், வளைச்சு வளைச்சு ஓட்டிப் பாருங்க. திருகிடாதீங்க, வளையம் ஆடிப் போச்சுன்னா அந்த லூர் அவ்வளவு தான்.

காஜாங்ல இருந்து: நைட்ல பீகாக் பாஸ் அடிக்குமா?

அடிக்காது. வீட்டுக்கு போய் தூங்கிட்டு காலையில 7 மணிக்கு வாங்க.