பழைய டிரெய்னரில் பயிற்சி: எந்த சென்சார் முதலில், எந்த மென்பொருள் போதும்?

கேள்வி: என்னிடம் கியர் உள்ள ரோடு பைக் இருக்கிறது. பின்சக்கரத்தை மாட்டி ஓட்டும் பழைய ஃப்ளூயிட் டிரெய்னர் (உள்ளே இருக்கும் திரவத்தால் எதிர்ப்பு தருவது) ஒன்றில் வாரத்துக்கு மூன்று நான்கு நாள், ஒரு மணி நேரம் மிதிக்கிறேன். எவ்வளவு உழைக்கிறேன், முன்னேறுகிறேனா என்றே தெரியவில்லை. மென்பொருள் சொல்கிறபடி எதிர்ப்பைத் தானே மாற்றும் ஸ்மார்ட் டிரெய்னர் வாங்க இப்போது வசதியில்லை. ஆண்ட்ராய்டு ஃபோனும் ஒரு பழைய லேப்டாப்பும் இருக்கின்றன. குறைந்த செலவில் என்ன சென்சார் வாங்கலாம்? எந்த மென்பொருள் நல்லது?

பதில்: ஸ்மார்ட் டிரெய்னர் இல்லாமலேயே நீங்கள் உருப்படியாகப் பயிற்சி எடுக்கலாம். இருக்கிற டிரெய்னரோடு இரண்டு சென்சார் சேர்த்தால் போதும்: நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை, பின்சக்கரத்துக்கு ஒரு ஸ்பீடு சென்சார். கேடன்ஸ் சென்சார் (நிமிடத்துக்கு எத்தனை முறை பெடலைச் சுற்றுகிறீர்கள் என்று எண்ணுவது) மெதுவாக வரட்டும். மிதிக்கும் வலுவை நேரடியாக வாட்டில் அளக்கும் பவர் மீட்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம் வாங்கும் முன், பலமாகக் காற்று வீசும் ஃபேன் ஒன்றை நேர் எதிரே வையுங்கள். சென்சார் காட்டும் எண்ணை நம்பலாமா என்பதே பாதி அதைப் பொறுத்துத்தான். மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. 200 வாட் மிதித்தால் குறைந்தது 600 வாட் வெப்பத்தை உடம்பு வெளியேற்றியாக வேண்டும். சாலையில் எதிர்க்காற்று அதைப் பார்த்துக்கொள்ளும், அறைக்குள் அது இல்லை. தோலைக் குளிரவைக்க ரத்தம் அந்தப் பக்கம் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, அதே உழைப்புக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. 10வது நிமிடத்தில் 140 காட்டிய துடிப்பு 50வது நிமிடத்தில் 155க்குப் போனால், நீங்கள் வேகம் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. புழுக்கத்தில் ஓட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதயத்துடிப்புக்கு நான் நெஞ்சுப் பட்டையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது இதயத்தின் மின்துடிப்பை நேரடியாக வாங்குகிறது. கைக்கடிகாரங்கள் தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்த்துக் கணக்கிடுகின்றன. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கியிருக்கும்போது அந்தக் கணக்கு அடிக்கடி தடுமாறும். நெஞ்சில் கட்டுவது ஒத்துக்கொள்ளாதவர்கள் மேல்கையில் கட்டும் ஒளி சென்சாரை எடுக்கலாம், கடிகாரத்தைவிட அது எவ்வளவோ தேவலை. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ப்ளூடூத், ஆன்ட் பிளஸ் (ANT+, சென்சார்களுக்கான இன்னொரு கம்பியில்லா இணைப்பு முறை) இரண்டிலும் தகவல் அனுப்ப வேண்டும். பட்டை மட்டும் தனியாகக் கிடைக்க வேண்டும். ஏனென்றால் முதலில் கெடுவது வியர்வை ஊறிய அந்தத் துணிதான், மின்னணுப் பகுதி பல வருஷம் தாங்கும். கட்டுவதற்கு முன், தோலில் படும் மின்முனைகளைத் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த பட்டையும் செயற்கை இழைச் சட்டையும் ஃபேன் காற்றும் சேர்ந்தால் நிலைமின்சாரம் உண்டாகி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 190, 200 என்று காட்டும். பயந்துவிடாதீர்கள், நனைத்தால் சரியாகிவிடும். ஓட்டி முடித்ததும் பொத்தான்போல மாட்டும் மின்னணுப் பகுதியைக் கழற்றி வையுங்கள், மாட்டியே வைத்தால் சில மாடல்களில் பேட்டரி வீணாக இறங்கும்.

துடிப்பு மண்டலங்களை (லேசு, நடுத்தரம், கடினம் என்று உழைப்பைப் பிரிக்கும் துடிப்பு எல்லைகளை) 220இலிருந்து வயதைக் கழித்துப் போடாதீர்கள். அது பெருங்கூட்டத்தின் சராசரி, ஒரே வயதுள்ள இருவருக்கு உண்மையான உச்சத் துடிப்பு 20 வரைகூட வேறுபடும். அதற்குப் பதிலாக நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 30 நிமிடம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வேகத்தில் ஒரே சீராக ஓட்டுங்கள். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் உங்கள் த்ரெஷோல்டு துடிப்பு (நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உழைப்பின் மேல் எல்லை) என்று வைத்துக்கொள்ளலாம். மண்டலங்களை அதிலிருந்து மென்பொருளே பிரித்துத் தந்துவிடும். இதயத்துடிப்புக்கு ஒரு குறை உண்டு, அது பின்தங்கி வரும். 30 விநாடி முழு மூச்சில் மிதித்து முடித்த பிறகுதான் எண் ஏறும். ஆகவே குட்டி இன்டர்வல்களுக்கு (நடுநடுவே ஓய்வு விட்டு வேகமாக மிதிக்கும் சுற்றுகளுக்கு) அதை நம்பாமல், 1 முதல் 10 வரை நீங்களே உணர்ந்து போடும் கஷ்ட மதிப்பெண்ணை வைத்து ஓட்டுங்கள். நான்கு நிமிடத்துக்கு மேற்பட்டவற்றுக்குத் துடிப்பு நன்றாகவே உதவும்.

அடுத்தது ஸ்பீடு சென்சார். உங்கள் நிலைமையில் இதற்குத்தான் மதிப்பு அதிகம். வேகம் தெரிவதற்காக இல்லை, வேகத்திலிருந்து வாட் கணக்கு எடுக்கலாம் என்பதற்காக. ஃப்ளூயிட் டிரெய்னரில் இந்த வேகத்துக்கு இவ்வளவு எதிர்ப்பு என்று ஒரு வளைகோடு இருக்கும், வேகம் ஏற ஏற அது செங்குத்தாகிக்கொண்டே போகும். உங்கள் டிரெய்னரின் வளைகோடு மென்பொருளிடம் இருந்தால், சக்கர வேகத்தைப் பார்த்து வாட்டைச் சொல்லிவிடும். இதை விர்ச்சுவல் பவர் என்பார்கள். சென்சார் வாங்கும் முன்பே, உங்கள் டிரெய்னர் மாடல் அந்த மென்பொருளின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்த வாட் உண்மையான வாட்தானா? பெரும்பாலும் இல்லை, கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். ஆனால் வீட்டு எடை மெஷின் தினமும் அதே அரை கிலோ கூட்டிக் காட்டினாலும் உடம்பு இளைக்கிறதா என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம் அல்லவா, அப்படித்தான் இதுவும். பயிற்சிக்கு வேண்டியது, ஒரே உழைப்புக்கு ஒவ்வொரு நாளும் ஒரே எண் வருவது. அதை வரவழைப்பது உங்கள் கையில் இருக்கிறது. டயரில் ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்துக்குக் காற்றடியுங்கள். டிரெய்னரின் உருளை டயரை அழுத்தும் குமிழை ஒவ்வொரு முறையும் அதே அளவு திருகுங்கள், எத்தனை திருப்பு என்று ஒரு தாளில் எழுதி டிரெய்னரிலேயே ஒட்டிவிடலாம். உள்ளே இருக்கும் திரவமும் டயரும் சூடாகச் சூடாக எதிர்ப்பு மாறும், அதனால் முதல் 10 நிமிடத்து எண்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்த 10 நிமிடம் முடிந்ததும் மணிக்கு 30 கி.மீ. வரை கொண்டுபோய் மிதிப்பதை நிறுத்துங்கள். சக்கரம் தானாக நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். நேற்று ஆன அதே விநாடிகள் இன்றும் ஆனால் இன்றைய வாட்டை நேற்றைய வாட்டோடு தாராளமாக ஒப்பிடலாம். ரொம்ப சீக்கிரம் நின்றால் அழுத்தம் அதிகம், குமிழைக் கொஞ்சம் தளர்த்துங்கள். காந்த வகை டிரெய்னர் வைத்திருப்பவர்கள் நெம்புகோலை மென்பொருள் கேட்கும் நிலையிலேயே விட்டுவிட வேண்டும், கடினம் மாற்றுவதற்குக் கியர் இருக்கிறது.

சென்சாரைப் பின்சக்கர ஹப்பில்தான் (சக்கரத்தோடு சுழலும் நடுப்பகுதியில்தான்) மாட்ட வேண்டும், டிரெய்னரில் முன்சக்கரம் சுற்றாதே. காந்தம் இல்லாத, ரப்பர் வளையத்தால் ஹப்பைச் சுற்றிக் கட்டும் வகை நல்லது. சக்கரச் சுற்றளவை மென்பொருளில் சரியாகக் கொடுங்கள்; 700x25 டயர் என்றால் சுமார் 2105 மி.மீ., 700x28 என்றால் சுமார் 2136. விலை குறைந்த சென்சார்களில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘ஸ்பீடு, கேடன்ஸ் இரண்டும்’ என்று அட்டையில் போட்டிருக்கும். பல மாடல்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அது செய்யும், பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மற்றதற்கு மாறும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு வாங்க வேண்டியிருக்கும். கேடன்ஸை இப்போதைக்கு 15 விநாடிக்கு வலது முழங்கால் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினாலே தெரிந்துவிடும். அதனால்தான் அதைப் பின்னால் தள்ளினேன்.

இணைப்பில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். ஆன்ட் பிளஸ்ஸில் சென்சார் தகவலை ஒலிபரப்பிவிடும், எத்தனை கருவி வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் கேட்கலாம். ப்ளூடூத்திலோ பல மாடல் சென்சார்கள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவியோடுதான் பேசும். ஃபோன் முந்திக்கொண்டால் லேப்டாப் எவ்வளவு தேடினாலும் அந்த சென்சார் கண்ணில் படாது, பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஃபோனின் ப்ளூடூத் செட்டிங்ஸில் போய் இணைக்கவும் கூடாது, செயலிக்குள்ளிருந்துதான் இணைக்க வேண்டும். பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் லொகேஷன் அனுமதி கொடுக்காவிட்டால் சென்சாரே தெரியாது. லேப்டாப்பில் ப்ளூடூத் 4.0க்கு முந்தையது இருந்தால் இந்த சென்சார்கள் பேசாது, அப்போது ஆன்ட் பிளஸ் யுஎஸ்பி ஸ்டிக் ஒன்று வேண்டும். அதை நேராக லேப்டாப்பில் செருகாமல் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டுப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். யுஎஸ்பி 3 சாதனங்கள் கிளப்பும் இரைச்சல் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுவதால், தள்ளி வைத்தாலே தகவல் விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் நின்றுவிடும்.

மென்பொருளுக்கு வருவோம். உங்களுக்கு நான் சொல்வது கோல்டன் சீட்டா. இலவசம், திறமூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் டிரெய்ன் பகுதியில் டிரெய்னர் மாடலைத் தேர்ந்தெடுத்தால் விர்ச்சுவல் பவர் கணக்கையும் அதுவே போடும். முதலில் பார்க்கும்போது விமான ஓட்டி அறை மாதிரி மிரட்டும், உண்மைதான். துடிப்பு, வாட், கழிந்த நேரம் மூன்றையும் மட்டும் திரையில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். ஓட்டிய பதிவுகளை வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க இன்டர்வல்ஸ் ஐசியு தளம் இருக்கிறது. இதையும் காசில்லாமல் பயன்படுத்தலாம், களைப்பும் உடல்திறனும் எப்படி ஏறி இறங்குகின்றன என்பதை ஒரே படத்தில் காட்டும்.

ஸ்விஃப்டும் டிரெய்னர்ரோடும் மாதச் சந்தா கேட்கும் பயிற்சிச் செயலிகள். இரண்டிலும் ஸ்பீடு சென்சாரை வைத்து வாட் கணக்கிடும் வசதி இருக்கிறது. தனியாக மிதிக்கச் சலிப்பாக இருக்கிறது, கூட்டமாக ஓட்டினால்தான் உட்காருவேன் என்பவருக்கு ஸ்விஃப்ட் கொடுக்கிற காசுக்கு நியாயம் செய்யும், ஆனால் பழைய லேப்டாப்பில் அதன் முப்பரிமாணக் காட்சிகள் திக்கித் திணறலாம். டிரெய்னர்ரோடில் காட்சி கிடையாது, முழுக்கப் பயிற்சித் திட்டம்தான். 2024இல் யுசிஐ (சர்வதேச சைக்கிள் சம்மேளனம்) சைக்கிள் இ-ஸ்போர்ட்ஸ் உலகப் போட்டி நடந்த மைவூஷ் செயலி இலவசம்தான் என்றாலும், அது ஸ்மார்ட் டிரெய்னரோ பவர் மீட்டரோ வைத்திருப்பவர்களுக்கானது. உங்கள் முறை வரும்போது பார்க்கலாம். என்னைக் கேட்டால், ஒரு வருஷச் சந்தாப் பணம் சென்சாருக்கும் ஃபேனுக்கும் போவதே இப்போது நல்லது.

பின்னாளில் கையில் பணம் சேர்ந்தால், சாலையிலும் ஓட்டுகிறவர் முதலில் பவர் மீட்டரை வாங்கலாம், இரண்டு இடத்திலும் ஒரே கருவி அளக்கும். ஒரு பக்க கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) வருவது விலை குறைந்தது. இடதுகாலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும், இரண்டு கால்களும் சமமாக உழைக்காவிட்டால் அந்த அளவுக்குப் பிசகும். வீட்டுக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஸ்மார்ட் டிரெய்னர்தான் சரி. எர்க் மோடில் 180 வாட் என்று சொல்லிவிட்டால், நீங்கள் வேகமாகச் சுழற்றினாலும் மெதுவாகச் சுழற்றினாலும் அது 180ஐ விடாமல் பிடித்து வைத்திருக்கும். பழையதை வாங்குவதாக இருந்தால் எந்தச் செயலியும் டிரெய்னரைக் கட்டுப்படுத்த உதவும் எஃப்டிஎம்எஸ் (FTMS) என்ற பொதுத் தரமோ ஆன்ட் பிளஸ் எஃப்ஈ-சியோ (FE-C) அதில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தன் சொந்தச் செயலியோடு மட்டும் பேசும் டிரெய்னர், அந்தச் செயலி நிறுத்தப்பட்ட அன்றே வெறும் இரும்பாகிவிடும். விற்பவர் முன்னாலேயே உங்கள் ஃபோனில் இணைத்து, எதிர்ப்பு மாறுகிறதா என்று ஐந்து நிமிடம் மிதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.