பெட்டிக்குள் கோடு இல்லை

அன்புள்ள ஐயா,

கேமரா அப்ஸ்குரா, அதாவது எதிரே உள்ள காட்சியைத் துளை வழியே உள்ளே படமாக விழவைக்கும் இருட்டுப் பெட்டி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்ததிலிருந்து, வீட்டிலேயே ஒன்று செய்து அதை வைத்துப் படம் வரைய ஆசை. ஆறு மாதமாக வீடியோக்கள் பார்த்துவருகிறேன். ஊசித்துளையே போதும் என்கிறார்கள் சிலர், லென்ஸ் வேண்டும் என்கிறார்கள் சிலர். எந்த லென்ஸ் வாங்குவது, பெட்டி எவ்வளவு நீளம் இருக்கவேண்டும்? நான் ஓவியம் கற்கும் மாஸ்டரிடம் சொன்னதற்கு, "அது காப்பியடிக்கிற வேலை, கை கெட்டுப்போகும்" என்றுவிட்டார். அதிலிருந்து மனது சரியில்லை. போனில் போட்டோ எடுத்து அதன்மேல் தாள் வைத்து வரைவதற்கும் இதற்கும் உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா?

க., கோவை

அன்புள்ள க.,

ஆறு மாதம் வீடியோ பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கோபமே வந்தது. அட்டையை வெட்டி ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பார்த்த நேரத்தில் பத்துப் பெட்டி செய்திருக்கலாம், அதில் எட்டு கோணலாகப் போயிருந்தாலும் பரவாயில்லை.

லென்ஸ் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஊசித்துளை கிரகணம் பார்க்கத்தான் லாயக்கு. 2019 டிசம்பர் 26 அன்று உங்கள் ஊர் மரத்தடிகளில் வெயில் வளையம் வளையமாக விழுந்ததே, அங்கே இலை இடுக்குகள்தான் துளை. வரைவதற்கு அந்த வெளிச்சம் பற்றாது. கண்ணாடிக் கடையில் +4 பவர் லென்ஸ் ஒன்றை, ஃப்ரேமுக்கு வெட்டாமல் முழு வட்டமாகவே கேட்டு வாங்குங்கள். +4 என்றால் குவியத் தூரம் 25 செ.மீ. பெட்டி அதைவிடக் கொஞ்சம் நீளம். ஒன்றுக்குள் ஒன்று நகரும்படி இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தால் முன்பின் தள்ளிப் படத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். உள்ளே கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள். லென்ஸின் குழிந்த பக்கம் வெளியே பார்க்கட்டும். அதற்குச் சற்று முன்னால் இரண்டு செ.மீ. துளையிட்ட கறுப்பு அட்டை. ஆங்கிலேய விஞ்ஞானி வில்லியம் வோலஸ்டன் 1812இல் இதே வடிவ லென்ஸை இப்படித் திருப்பி வைத்துத்தான் படத்தின் ஓரங்களையும் தெளிவாக்கினார். பின்பக்கம் கண்ணாடித் தகட்டில் ட்ரேசிங் பேப்பர். தலையோடு சேர்த்து மூட ஒரு கறுப்புப் போர்வை. நீங்கள் நிழலில் இருங்கள், வரையும் பொருள் வெயிலில் இருக்கட்டும். சூரியனைப் பார்த்து மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள்.

படம் தலைகீழாக விழும். வீடியோக்காரர்கள் இங்கே 45 டிகிரியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சொருகச் சொல்வார்கள். சொருகாதீர்கள். வரைந்து முடித்துத் தாளை அரைச்சுற்றுச் சுற்றினால் எல்லாம் நேராகிவிடும், இடவலம்கூட மாறாது. ஆனால் நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் அதுவல்ல.

சில வாரங்களாக நானே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பரணை ஒழிக்கும்போது, கல்லூரிக் காலத்தில் பெட்டி வைத்து நான் வரைந்த அம்மாவின் படம் கிடைத்தது. பின்கட்டுத் தாழ்வாரத்தில் அரிவாள்மனை போட்டுக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடி வேம்பின் நிழலில், போர்வைக்குள். "எம்புட்டு நேரம்டா அதுக்குள்ள கெடப்ப, வெந்துருவ" என்று திட்டிக்கொண்டே நறுக்கினாள். வெறும் கண்ணால் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருப்பது அம்மா. தோள் எது, கை எது என்று மனதுக்குத் தெரியும். தெரிந்ததைச் சுற்றி அதுவே கோடு போட்டுக்கொள்ளும். தாளில் தலைகீழாக விழுந்ததும் அந்தத் தெரிதல் போய்விட்டது. கரும்பச்சைப் புடவை மூடிய ஒரு தோள் அடுப்படிக் கதவின் இருட்டோடு கலந்து கிடந்தது, நடுவே எல்லையே இல்லை. வெயில் பட்ட கை வெள்ளையடித்த சுவரோடு கரைந்திருந்தது. மிச்சம் இருந்தவை விரல் முட்டிகளும் அரிவாள் விளிம்பில் ஒரு மினுக்கும் மூக்குத்தியும்தான். நான் அந்தத் தோளை வரையாமலே விட்டேன். அப்பா பார்த்துவிட்டு "ஒரு தோள் எங்கடா?" என்றார். அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அதான் இருக்கே" என்றாள்.

இந்தப் பெட்டி கற்றுத்தருவது இதைத்தான், தம்பி. உலகத்தில் கோடு கிடையாது. இருட்டும் வெளிச்சமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, சில இடத்தில் மோதுகின்றன, சில இடத்தில் கலந்துவிடுகின்றன. எங்கே பென்சிலை வைப்பது, எங்கே எடுத்துவிடுவது என்று பெட்டி சொல்லாது. நீங்கள்தான் முடிவுசெய்யவேண்டும். அதை எப்படிக் காப்பி என்பது?

ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹூயிஸ் அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த, முத்துத்தோடு அணிந்த பெண் இருக்கிறாள். அவர் இந்தக் கருவியைப் பயன்படுத்தினாரா என்ற நூறாண்டுக்கு மேற்பட்ட சண்டைக்குள் நான் போகவில்லை. அந்த மூக்கை மட்டும் பாருங்கள். மூக்குத் தண்டுக்கும் அதற்கு அப்பாலுள்ள கன்னத்துக்கும் நடுவே கோடே இல்லை, இரண்டும் ஒரே நிறத்தில் சேர்ந்து கிடக்கின்றன. நாமாகத்தான் அங்கே மூக்கைப் பார்க்கிறோம். வெனிஸின் கொரேர் அருங்காட்சியகத்தில் 'ஏ. கானால்' என்று பெயர் பொறித்த பெட்டி ஒன்று இருக்கிறது, அந்தோனியோ கானால் என்ற இயற்பெயர் கொண்ட ஓவியர் கனலெட்டோவுடையது என்பார்கள். அவருடைய வெனிஸ் ஓவியங்களிலோ, ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாத கட்டடங்கள் சேர்ந்து நிற்கின்றன. தேவைப்பட்ட இடத்துக்கு அவர் நகர்த்திக்கொண்டார்.

கருவியே வரைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு, புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டைச் சொல்வேன். 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து, கேமரா லூசிடா என்ற பட்டகக் கருவியை வைத்து வரையப் பார்த்தார். கருவி ஏரியையும் மலையையும் தாள்மேல் காட்டிற்று. கண்ணை எடுத்துவிட்டுத் தாளைப் பார்த்தால் வெறும் கிறுக்கல். அதற்குப் பல வருடம் முன்பு கேமரா அப்ஸ்குராவிலும் அவருக்கு இதே கதிதான். இந்தப் படம் தானாகவே தாளில் பதிந்துகொண்டால் என்ன என்று அந்த ஏக்கத்தில்தான் யோசித்தார். 1835இல் தன் லாக்காக் மாளிகையின் ஜன்னலை நெகட்டிவாகப் பதித்தும்விட்டார். கணிதமும் ஒளியியலும் கரைத்துக் குடித்த மனிதர். அவருக்கே வரைந்து கொடுக்காத கருவி உங்களுக்கு எங்கிருந்து காப்பியடித்துக் கொடுக்கும்?

மாஸ்டர்மேல் வருத்தம் வேண்டாம். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. விழுந்த படத்தின் விளிம்பையெல்லாம் ஒரே அழுத்தத்தில் சுற்றிவந்தால், கம்பியை வளைத்து வைத்ததுபோல் செத்த படம்தான் வரும். நீங்கள் பென்சிலைப் படுக்கவைத்துப் பிடித்து, இருட்டான இடங்களை மட்டும் முதலில் நிரப்புங்கள். கோடு கடைசியில், அதுவும் தேவைப்பட்டால்.

போன் விஷயத்தில் எனக்கு அக்கறையில்லை. அது இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கி, உங்கள் முடிவுகளில் பாதியை எடுத்துவிட்ட பிறகுதான் படத்தையே காட்டுகிறது. பெட்டிக்குள் இலை ஆடும், நிழல் நகரும், நறுக்கி முடித்ததும் அம்மா எழுந்து போய்விடுவாள். அதற்குள் எதை எடுத்துக்கொள்வது என்று தவிக்கிற தவிப்பில்தான் கை பழகும்.

காலை ஒன்பது மணிக்குள் உட்காருங்கள், வெயில் சாய்வாக விழும்போது நிழல் அகலமாகக் கிடைக்கும். வீட்டில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் அவர்களை வரையுங்கள், போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள். முதல் தாள்களைக் கிழித்துப் போடவேண்டாம். நாலைந்து படம் ஆனதும் மாஸ்டரை வீட்டுக்கு அழைத்து, காபி கொடுத்து, போர்வைக்குள் அரைமணி நேரம் உட்கார வையுங்கள்.

அன்புடன்