லத்தி கேட்ட வாத்து

கேள்வி: 1951-இல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த 'ட்ரிப்-அலாங் டாஃபி' என்ற கௌபாய் கார்ட்டூனைப் பேரனோடு உட்கார்ந்து பார்த்தேன். ஏழே நிமிடம், வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்படிச் சுத்தமான நகைச்சுவை இப்போதெல்லாம் ஏன் வருவதில்லை?
(ஒரு தாத்தா, கும்பகோணம்)

பதில்: சுத்தமான நகைச்சுவையா? ஐயா, கடைசி அரை நிமிடம் பேரன் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டானா? அந்தப் படம் முடிவதே குதிரை லத்தியில்தான்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சட்டம் ஒழுங்கு கிலோ என்ன விலை என்று கேட்கும் ஓர் ஊர். அங்கே குதிரையேறி வருகிறது டாஃபி என்ற கறுப்பு வாத்து. திரையில் 'வெஸ்டர்ன் ரகக் கதாநாயகன்' என்று எழுத்து. பின்னாலேயே போர்க்கி என்ற பன்றி. அதற்குப் போட்டிருக்கும் எழுத்து 'காமெடி ரிலீஃப்'. ஷெரிஃப், அதாவது ஊர்க் காவல் அதிகாரி, தேவை என்ற பலகையைப் பார்த்ததும் வாத்து பேட்ஜ் தேடி அலையவில்லை. ரகம் ரகமாகக் கையோடு கொண்டுவந்திருக்கிறது! பதவி வருமுன்னே லெட்டர்பேட் அடித்து வைத்துக்கொள்ளும் ஆசாமிகள் நாலைந்து பேரை எனக்கும் தெரியும். ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

வில்லன் பெயர் நாஸ்டி கனாஸ்டா. கனாஸ்டா என்பது அப்போது அமெரிக்காவே பைத்தியமாக ஆடிக்கொண்டிருந்த சீட்டாட்டம். நம்மூர் வில்லனுக்கு 'ரம்மி' என்று பெயர் வைத்த மாதிரி. வாத்து துப்பாக்கியை நீட்டினால் அதைக் கடித்து மென்று தின்கிறான். பாவம், இரும்புச் சத்துப் பற்றவில்லை போலிருக்கிறது என்று வாத்து சமாளிக்கிறது. அடுத்து வருகிறது நாகப்பாம்பின் பல்லைப் பிழிந்த சாறு கலந்த ஒரு சரக்கு. அதில் போட்ட ஐஸ் கட்டிகளே அலறிக்கொண்டு வெளியே குதிக்கின்றன. பன்றி குடித்துவிட்டுச் சும்மா நிற்கிறது. வாத்து குடித்துவிட்டு, எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டை ஒப்பிக்கிறது.

நடுவில் போர்க்கி பாடும் பாட்டில் 'கோவர் கல்ச்' என்று ஓர் இடம் வரும். ஏதோ பாலைவனத்துப் பள்ளத்தாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஹாலிவுட்டில் சன்செட் சாலையும் கோவர் தெருவும் சந்திக்கிற இடம். பண்ணை வேலை போய்விட்ட நிஜ கௌபாய்கள் சொந்தத் தொப்பி, சொந்த பூட்ஸோடு துணை நடிகர் வேலைக்காகக் காத்து நின்ற மூலை அது.

கடைசியில் நடுத்தெருவில் வாத்தும் வில்லனும் எதிரெதிரே நடந்து வருகிறார்கள். காமெடி ரிலீஃப் ஓரமாக நின்று, ஒரு பொம்மைச் சிப்பாய்க்குச் சாவி கொடுத்து அனுப்புகிறது. கனாஸ்டா அதைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரிக்கிறான். பொம்மை சுடுகிறது. அவ்வளவுதான். ஊரே பன்றியைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்கிறது. ஒரே ஒரு வாய்ப்புக் கொடுங்கள், இந்த ஒற்றைக் குதிரை ஊரைச் சுத்தம் பண்ணிக் காட்டுகிறேன் என்று வாத்து கத்துகிறது. கொடுத்தார்கள். துடைப்பத்தைக் கொடுத்தார்கள். ஷெரிஃப் ஆகிவிட்ட போர்க்கி, நல்லவேளை, ஊரில் ஒற்றைக் குதிரைதான் என்கிறது திக்கித் திக்கி.

இந்த இடத்தில்தான் எனக்கும் என் மொழிபெயர்ப்பாள நண்பருக்கும் பத்து வருஷப் பகை. 'ஒற்றைக் குதிரை ஊர்' என்றால் ஆங்கிலத்தில் ஒன்றுக்கும் உதவாத பட்டிக்காடு. அந்தச் சிலேடை தமிழுக்கு வரவே வராது, ஆளை விடு என்பார். வராவிட்டால் போகட்டும், நம்மிடம் லத்தி இருக்கிறதே! போலீஸ்காரர் கையில் இருப்பதும் லத்தி, குதிரை போடுவதும் லத்தி. லத்தி கேட்டு வந்த வாத்துக்கு லத்தி கிடைத்தது. மைக்கேல் மால்டீஸ் கதை எழுதி, சக் ஜோன்ஸ் இயக்கி, மெல் பிளாங்க் வாத்துக்கும் பன்றிக்கும் ஒரே தொண்டையில் குரல் கொடுத்தும் அவர்களுக்குச் சிக்காத சிலேடை தமிழில் சும்மா கிடக்கிறது. நண்பரிடம் சொன்னேன். "ஷெரிஃபுக்கு ஏதப்பா லத்தி? துப்பாக்கிதானே?" என்றார். இந்த மாதிரி ஆட்களோடுதான் நான் குப்பை கொட்ட வேண்டியிருக்கிறது. போதாததற்கு எங்கள் பிழைதிருத்துபவர், குதிரையுடையது 'இலத்தி', முன்னால் 'இ' போடாமல் அச்சுக்கு அனுப்ப முடியாது என்று நேற்று முழுக்க மல்லுக்கு நின்றார். 'இ' போட்டால் சிலேடை நாறிவிடும் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் இந்தப் பக்கம் வெளியாகிறது.

லத்தியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். கார் வருவதற்கு முன்னால் நியூயார்க்கில் லட்சத்துக்கும் மேல் குதிரைகள் இருந்தன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ போடும். கணக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், நான் இப்போதுதான் சாப்பிட்டேன். 1895-இல் தெருச் சுத்தத்துக்குப் பொறுப்பேற்ற கர்னல் ஜார்ஜ் வேரிங், கூட்டுபவர்களுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று சீருடை மாட்டிவிட்டார். லத்தி அள்ளுகிறவனுக்கு வெள்ளை உடுப்பா என்று ஊர் சிரித்தது. அடுத்த வருஷம் அவர்கள் அணிவகுத்து வந்தபோது அதே ஊர் கைதட்டியது. 'வெள்ளைச் சிறகுகள்' என்று பெயரும் வைத்தது. நம் கறுப்பு வாத்து நியூயார்க் பக்கம் வேலைக்குப் போயிருந்தால் சிறகின் நிறமே மாறியிருக்கும்.

எங்கள் தெருவைக் கூட்டும் அம்மாள் காலை ஆறு மணிக்குக் கூட்டி முடித்து முனை திரும்புவார். ஆறு ஐந்துக்கு ஒரு மாடியிலிருந்து கட்டிய பை ஒன்று பறந்து வந்து விழும். அந்த லெட்டர்பேட் ஆசாமியின் மாடிதான். போன தேர்தலில் ஊரைச் சுத்தம் செய்வேன் என்று நோட்டீஸ் அடித்தவர் அவர். அப்படிச் சொன்னவர்களில், போட்டோ எடுக்க ஆள் இல்லாதபோதும் துடைப்பத்தைக் கையில் பிடித்தது நானறிந்து அந்த வாத்து ஒன்றுதான். இனிமேல் யாரையாவது வாத்து மடையன் என்று திட்டுமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

என்ன கேட்டீர்கள்? அப்படிப்பட்ட நகைச்சுவை இப்போது ஏன் வருவதில்லை என்றா? எனக்குச் சுத்தமாகத் தெரியாது, ஐயா.